காணவும் சொல்லவும் கற்போம்

கோயிலையோ கோட்டையையோ கண்டு திரும்பும் மாணவரிடம் "என்ன கண்டீர்?" என வினவினால், "மிக அழகாக இருந்தது" என்னும் விடையே பெரும்பாலும் கிடைக்கிறது. அழகு என்பது கண்டவர் மனம் வழங்கும் தீர்ப்பு. தீர்ப்புக்கு முன் சான்று வேண்டுமன்றோ? அச்சான்றைத் தருவன சொற்களே. ஆதலின், கலைப்படைப்பை வருணிக்கும் அடிப்படைச் சொற்களைத் தமிழ் பயில்வோர் அனைவரும் அறிந்திருத்தல் வேண்டும் என்பது நம் கருத்து.

அரியலூர் மாவட்டத்துக் கங்கைகொண்ட சோழபுரத்தில் முதலாம் இராசேந்திரன் எடுப்பித்த கோயிலை நோக்குவோம். தஞ்சை விமானத்தின் விளிம்பு நேர்கோடாக ஏறிக் குவிகிறது; இவ்விமானத்தின் விளிம்போ உள்வளைந்து ஏறுகிறது. 'உள்வளைவு' என்னும் ஒரு சொல் கைவந்தவுடன் இரண்டின் வேறுபாடும் கண்ணுக்குப் புலனாகிறது. தாங்குதளம், சுவர், கூரையுறுப்பு, தளங்கள், கழுத்து, சிகரம், கலசம் எனக் கீழிருந்து பெயர் சொல்லிப் பார்ப்பவர் எதனையும் காணாது விடுவதில்லை.

அக்கோயிலின் வடபுறத்தே சண்டேசருக்கு இறைவன் அருளும் காட்சி, சுவரோடு இயைந்த புடைப்புச் சிற்பமாய் அமைந்துள்ளது. இறைவன் நான்கு கைகளுடன் அமர்ந்துள்ளார். முன்னிரு கைகள் சண்டேசரின் தலையில் மாலையைச் சுற்றுகின்றன. அருகே உமை வீற்றிருக்கிறார். கீழே கூப்பிய கையும் தாழ்ந்த தலையுமாய்ச் சண்டேசர் இருக்கிறார். இதுவரை வருணனை. இராசேந்திரனுக்கே இறைவன் முடிசூட்டுவதாகக் கொள்வாரும் உளர், அது விளக்கம். சிற்பம் நெஞ்சை உருக்குகிறது என்பது மதிப்பீடு. இம்மூன்றையும் பிரித்தறிதலே கலை வரலாற்றின் அரிச்சுவடி.

இச்சொற்கள் ஒரு சமயத்தார்க்கே உரியன என எண்ணுதல் பொருந்தாது. கீழக்கரையின் பழைய ஜும்ஆப் பள்ளிவாசலில் கற்றூண்களைக் காண்கிறோம். உருவங்களுக்கு அங்கு இடமில்லை. ஆயினும் தூண், போதிகை, பூவேலைப்பாடு என்னும் அதே சொற்களே அங்கும் துணைநிற்கின்றன. மிஹ்ராப், மினாரா என்பன அவற்றோடு சேர்கின்றன. பெரம்பலூர் மாவட்டத்து இரஞ்சன்குடிக் கோட்டைக்கு அகழி, மதில், கொத்தளம் என்பன வேண்டும். காணும் கண்ணுக்குச் சமய வேலி இல்லை.

இது வெறும் ஏட்டுக் கல்வியா எனக் கேட்பார்க்கு ஸ்ரீபுரந்தான் விடை கூறும். அரியலூர் மாவட்டத்து அவ்வூர்க் கோயிலிலிருந்து களவுபோன சோழர் கால நடராசர் செப்புத் திருமேனியை, ஆஸ்திரேலியத் தேசியக் கலைக்கூடம் 2008இல் சுமார் 50 இலட்சம் அமெரிக்க டாலருக்கு வாங்கியது. புதுச்சேரிப் பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் இருந்த பழைய ஒளிப்படங்களோடு ஒப்பிட்ட பின்னரே அது இவ்வூர்த் திருமேனி என்பது உறுதிப்பட்டது. 2014 செப்டம்பரில் அது இந்தியாவிடம் திருப்பி ஒப்படைக்கப்பட்டது.

ஒளிப்படம் எடுக்கப்படாத திருமேனிகளின் நிலை என்னாகும்? "நடராசர், செம்பு, ஒன்று" என்னும் குறிப்பு எந்த நடராசருக்கும் பொருந்தும். திருவாசியில் சுடர்கள் எத்தனை, சடை விரிந்துள்ளதா, முயலகன் தலை எப்பக்கம், பீடத்தின் வடிவம் யாது, தேய்வும் உடைவும் எங்குள்ளன என எழுதிவைத்தால், அக்குறிப்பு அவ்வொரு திருமேனிக்கே பொருந்தும். நல்ல வருணனை, களவுக்கு எதிரான காவலும் ஆகும்.

எனவே தமிழ்த்துறை மாணவர் ஒவ்வொருவரும் தத்தம் ஊரிலுள்ள ஒரு தூணையோ, சிற்பத்தையோ, பள்ளிவாசல் முகப்பையோ தேர்ந்து, 'அழகு' என்னும் சொல்லைக் கையாளாது ஒரு பக்கம் எழுதுவாராக. அப்பக்கங்கள் தொகுக்கப்படின், அவை இவ்விரு மாவட்டங்களின் கலைச்செல்வத்திற்கு நாம் எழுதிவைக்கும் உரிமைப் பத்திரமாகும்.