தொட்டிலில் கிடந்த ஓவியம்

சோனியா டெலானே 1911-ல் தைத்த போர்வை பெரியதொன்றுமில்லை. ஒரு மீட்டருக்குச் சற்றே கூடுதலான நீளம். பச்சை, இளஞ்சிவப்பு, கறுப்பு என்று கோணல்மாணலாக வெட்டி ஒட்டுப்போட்ட துணித் துண்டுகள். பூ இல்லை, பறவை இல்லை, எந்த உருவமுமே இல்லை. அப்போதுதான் பிறந்திருந்த மகன் சார்லின் தொட்டிலுக்காகத் தைத்தது. உக்ரைன் விவசாயிகளின் வீடுகளில் பார்த்த துணிகளின் நினைவில் செய்ததாகப் பிற்பாடு சொன்னார். பாரீஸ் நண்பர்களுக்கோ அது க்யூபிஸமாகத் தெரிந்தது.

அந்த நினைவு வெளியே வர இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருக்கிறது. 1885-ல் உக்ரைனில் எளிய யூதக் குடும்பத்தில் பிறந்தவர். பீட்டர்ஸ்பர்க்கில் வசதியான வக்கீலாக இருந்த தாய்மாமன் சின்ன வயதிலேயே அழைத்துப்போய் வளர்த்தார். பல மொழிகள், அருங்காட்சியகங்கள், ஜெர்மனியில் ஓவியப் படிப்பு, பிறகு பாரீஸ். கிராமத்துக் கல்யாணங்களில் சிவப்பும் பச்சையுமாக ரிப்பன்கள் பறக்க ஆடிய பெண்களுக்கு இந்தப் படிப்பில் இடமில்லை. பாரீஸில் அவர் வரைந்த முகங்களில் வண்ணம் துணிச்சலாகவே இருந்தது; ஆனாலும் முகத்துக்குக் கட்டுப்பட்டிருந்தது. ஊசி கைக்கு வந்த பிறகுதான் அந்தக் கட்டு அவிழ்ந்தது. ஒட்டுத் துணியில் நிழல் தீட்ட முடியாது. ஒரு நிறத்தை இன்னொன்றின் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது மட்டுமே வேலை.

பக்கத்து நிறம் ஒரு நிறத்தை மாற்றிக் காட்டும் என்ற விதியே துணியிலிருந்து வந்ததுதான். கோப்லான் திரைச்சீலைத் தொழிற்கூடத்தில் கறுப்புச் சாயம் எடுபடவில்லை என்று புகார். வேதியியலாளர் செவ்ரெல் ஆராய்ந்ததில் சாயத்தில் பிழையில்லை. கூட நெய்த நிறங்கள்தான் கறுப்பை மங்கச் செய்தன. இதை அவர் 1839-ல் புத்தகமாக்கினார். சோனியாவும் கணவர் ராபர்ட்டும் தங்கள் ஓவியத்துக்கு அவருடைய சொல்லையே பெயராக எடுத்துக்கொண்டார்கள்.

ராபர்ட் உருவங்களை விட்டு வெறும் வண்ணத்துக்கு வந்தது 1912, 1913-ல். போர்வை அதற்கு முந்தியது. ஆனாலும் கலை வரலாறு நெடுங்காலம் ராபர்ட்டைத்தான் முன்னோடி என்றது. தொட்டிலில் கிடந்ததை யார் ஓவியமென்று சொல்வார்கள்? சுவரில் மாட்டியிருந்தால் கதை வேறாகியிருக்கும். 1913-ல் நடனக்கூடக் காட்சி ஒன்றை ஏறக்குறைய நான்கு மீட்டர் அகலத்துக்கு சோனியா வரைந்தார். அதையும் கான்வாஸில் அல்ல, மெத்தை தைக்கும் துணியில்!

1917 புரட்சியோடு ரஷ்யாவிலிருந்து வந்த வருமானம் நின்றது. துணிகளுக்கு வடிவமைப்பு, உடைகள், கடை என்று சோனியா இறங்கினார். ராபர்ட் கவலையின்றி வரைய முடிந்தது அந்தச் சம்பாத்தியத்தால். சோனியா தமது தூரிகைக்கு முழுமையாகத் திரும்பியது 1930களில்தான். 1964-ல் லூவரில் அவருடைய படைப்புகள் காட்சிக்கு வைக்கப்பட்டபோது வயது எண்பதை நெருங்கியிருந்தது. உயிரோடிருக்கும் ஒரு பெண்ணுக்கு அங்கே இந்த மரியாதை கிடைத்தது அதுவே முதல் முறை.

1979-ல் காலமானார். போர்வை இன்று பாரீஸின் பாம்பிடு மையச் சேகரிப்பில், ராபர்ட்டின் ஓவியங்களோடு இருக்கிறது.