நிலத்துக்குப் பலதானியம், தட்டுக்கு ஒரே தானியமா?

போன தை மாசம் சந்தையில் கடை போட்டிருந்தப்போ ஒரு அம்மா வந்தார். ஓய்வுபெற்ற ஆசிரியை. மூணு வருஷமா என்கிட்ட மாப்பிள்ளைச் சம்பா வாங்குறவர். அரிசியைத் தொடாம பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினார். ரத்தப் பரிசோதனை முடிவு. மூன்று மாத சராசரி சர்க்கரை 8.4.

"தம்பி, உன் அரிசியத்தான் மூணு வேளையும் சாப்பிடுறேன். சீனியத் தொடுறதில்ல, நாட்டுச்சர்க்கரைதான். எடையும் ரெண்டு கிலோ ஏறிடுச்சு. எங்க தப்பு?"

எனக்குப் பதில் தெரியும். சொல்லத்தான் வாய் வரவில்லை. ஏன்னா அவர் கையில் இருந்த என் அரிசிப் பையில் "சர்க்கரை நோயாளிகளுக்கு உகந்தது" என்று நானே அச்சடித்து ஒட்டியிருந்தேன்.

இந்தக் கட்டுரை அந்த ஒட்டுத்தாளைப் பற்றித்தான். படிக்கும் தோழர்கள் சிலருக்குக் கோபம் வரும், வரட்டும்.

முதலில் என் கதை. இயற்கை விவசாயத்துக்கு வந்து பதினாலு வருஷம். வந்தபோது 71 கிலோ, மூணு வருஷம் முன்னாடி 84. விஷமில்லாத சோறு சாப்பிடுகிறவனுக்கு உடம்பு ஏன் ஏறுது என்று எனக்கே புரியவில்லை. அறுவடைக்கு மெஷின் வந்தாச்சு, உழவுக்கு டிராக்டர், வயலுக்குப் போக மோட்டார் சைக்கிள். அப்பா காலத்து உழைப்பில் பாதிகூட நான் உழைப்பதில்லை. ஆனால் தட்டில் மட்டும் அப்பா காலத்துச் சோறு.

டாக்டர் "சர்க்கரை எல்லைக்கோட்டுல இருக்கு, எடையக் குறைங்க" என்றதும் நான் செய்தது எல்லாரும் செய்வதுதான். சோற்றைப் பாதியாக்கினேன், ராத்திரி வெறும் கஞ்சி. ரெண்டு மாசத்தில் நாலு கிலோ இறங்கியது. ஊரெல்லாம் பெருமை பேசினேன். ஆனா ஒரு நாள் நெல்மூட்டையைத் தூக்கிக் களத்திலிருந்து வண்டியில் வைக்கக் கை நடுங்கியது. சாயங்காலமானால் பசி தாங்காது, முறுக்கு டப்பாவைத் தேடும். அடுத்த மூணு மாசத்தில் இறங்கிய நாலோடு மேலே ஒரு கிலோ சேர்ந்து ஏறியது.

அப்புறம்தான் தராசை எடுத்தேன். வீட்டுக்காரி சிரிச்சாங்க, "விதை நெல்லை நிறுத்தது போதாதுன்னு சோத்தையும் நிறுக்க ஆரம்பிச்சிட்டாரு"ன்னு. பரவாயில்லை. ஒரு வாரம் நான் தின்ற எல்லாவற்றையும் சமைப்பதற்கு முன் எடை போட்டு எழுதினேன்.

ஒரு நாளைக்கு இட்லி, சோறு எல்லாம் சேர்த்து அரிசி 450 கிராம். அதுமட்டும் ஏறக்குறைய 1,575 கலோரி. செக்கு எண்ணெய் 50 கிராம், 450 கலோரி. நாலு வேளை டீயில் நாட்டுச்சர்க்கரை 45 கிராம், 170 கலோரி. பலகாரம், பால், காய் எல்லாம் சேர்த்தால் 2,600-ஐத் தாண்டியது. பருப்பு? நாள் முழுக்க 20 கிராம். சாம்பாரில் பருப்பு இருந்தது என்பதைவிட பருப்பு இருந்ததாக நாங்கள் நம்பினோம் என்பதே சரி.

புரதக் கணக்குதான் என்னைத் தூக்கிவாரிப் போட்டது. அரிசியில் நூறு கிராமுக்கு 8 கிராம் புரதம்தான். ஆனால் அத்தனை அரிசி தின்றதால் அதிலிருந்தே 36 கிராம் வந்திருக்கிறது. மொத்தம் 50 கிராமில் முக்கால்வாசி அரிசி கொடுத்தது. நான் முதல் தடவை சோற்றைப் பாதியாகக் குறைத்தபோது கலோரியை மட்டும் குறைக்கவில்லை, புரதத்தையும் சேர்த்து வெட்டிவிட்டேன். 35 கிராமுக்கும் கீழே போயிருக்கும். உடம்பு கொழுப்போடு சதையையும் கரைத்துக் கொடுத்தது. மூட்டை தூக்க முடியாமல் போனது அதனால்தான் என்பது என் முடிவு.

நம் நாட்டு மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020-ல் சொன்ன அளவு, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம். 65 கிலோ ஆளுக்கு 54 கிராம். அதுவும் பெரும்பகுதி அரிசியிலிருந்தே வந்தால் போதாது. அரிசிப் புரதத்தில் லைசின் என்ற பகுதி குறைவு, பயறு வகைகளில் அது நிறைய. ரெண்டும் சேர்ந்தால்தான் முழுசாகும். எடை குறைக்கிறவர்கள் கலோரியைக் குறைக்கும்போது புரதத்தைக் குறைக்கவே கூடாது, கொஞ்சம் கூட்டத்தான் வேண்டும். சதையைக் காப்பாற்றுவதும் பசியை அடக்குவதும் அதுதான்.

சரி, நாட்டுச்சர்க்கரை விஷயத்துக்கு வருவோம். இதைச் சொன்னால் வெல்லம் காய்ச்சும் தோழர்கள் என்னைச் சந்தையில் பார்க்கும்போது முகத்தைத் திருப்பிக்கொள்ளலாம். ஹைட்ரோஸ் போடாமல், சுண்ணாம்பும் வெண்டைச்செடிச் சாறும் விட்டுக் காய்ச்சிய வெல்லம் நல்ல பொருள். கொஞ்சம் இரும்பு, கொஞ்சம் தாது உண்டு. ருசிக்கு சீனி கிட்டவே வராது. எல்லாம் நிஜம். ஆனால் அதில் பெரும்பகுதி அதே சர்க்கரைதான். ஒரு கிராமுக்கு அதே நாலு கலோரிக்குப் பக்கம். கருப்பட்டியும் அப்படித்தான். நல்லது என்ற தைரியத்தில் சீனி ரெண்டு கரண்டி போட்ட இடத்தில் நாம் வெல்லம் மூணு கரண்டி போடுகிறோம். உலக சுகாதார நிறுவனம் 2015-ல் சொன்னது, சேர்க்கும் சர்க்கரை மொத்தக் கலோரியில் பத்தில் ஒரு பங்குக்குள் இருக்கணும், அதிலும் பாதியாக்கினால் இன்னும் நல்லது என்று. அந்தப் பாதி என்பது நாளைக்கு 25 கிராம். வெல்லமும் தேனும் அதற்குள் அடக்கம். விலக்கு கிடையாது.

செக்கு எண்ணெய்க்கும் இதே வழக்குதான். கல்செக்கு, மரச்செக்கு, எதில் ஆட்டினாலும் கிராமுக்கு 9 கலோரி.

சிறுதானியமும் பாரம்பரிய நெல்லும்? நார்ச்சத்து அதிகம், பட்டை தீட்டாததால் சத்து தங்கும், கம்பிலும் தினையிலும் புரதம் அரிசியைவிட ஓரளவு கூட. சர்க்கரை ஏறும் வேகமும் கொஞ்சம் குறையலாம். ஆனால் நூறு கிராமுக்கு 320 முதல் 360 கலோரி வரை, அரிசிக்குப் பக்கத்தில்தான் நிற்கிறது. 2025-ல் சென்னை மருத்துவர்கள் தலைமையில் நடந்த நாடு தழுவிய ஆய்வு முடிவு வெளியானது. நம் மக்கள் சாப்பிடும் கலோரியில் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறதாம். அரிசிக்குப் பதில் கோதுமையோ சிறுதானியமோ என்று மாற்றினால் மட்டும், மொத்த மாவுச்சத்தைக் குறைக்காதவரை, சர்க்கரை நோய் ஆபத்து குறையவில்லை என்றே அந்த ஆய்வு சொல்கிறது. மாவுச்சத்திலிருந்து வரும் கலோரியில் ஒரு பகுதியை, மொத்தத்தில் வெறும் 5 சதவீதம், பயறு போன்ற தாவரப் புரதத்துக்கோ பால் புரதத்துக்கோ மாற்றிக் கணக்குப் போட்டபோதுதான் ஆபத்து குறைந்து தெரிந்தது. படித்தபோது எனக்கு அந்த ஆசிரியை அம்மாவின் காகிதம்தான் ஞாபகம் வந்தது.

நாம் நிலத்துக்கு என்ன செய்கிறோம்? நம்மாழ்வார் ஐயா ஊர் ஊராகப் போய்ச் சொன்ன பலதானிய விதைப்பு: தானியம், பயறு, எண்ணெய் வித்து, மணப்பயிர், பசுந்தாள் எல்லாம் கலந்து விதைத்து, பூக்கும் பருவத்தில் மடக்கி உழுகிறோம். ஏன் பயறு என்று கேட்டால், வேர் முடிச்சு, தழைச்சத்து என்று சின்னப் பிள்ளைகூட சொல்லும். அந்தத் தழைச்சத்தைக் கொண்டு செடி செய்வதுதான் புரதம். நெல்லுக்குப் பின் நெல் என்று போட்டால் நிலம் செத்துப்போகும் என்று மேடை போட்டுப் பேசுகிற நாம், காலையில் இட்லி, மத்தியானம் சோறு, ராத்திரி தோசை என்று வயிற்றில் முப்போகமும் அரிசியே விதைக்கிறோம்.

குற்றம் முழுக்க நம்முடையது இல்லை. 2011 ஜூனிலிருந்து ரேஷனில் அரிசி விலையில்லாமல் வருகிறது. பருப்பு கார்டுக்கு மாசம் ஒரு கிலோ. நாலு பேர் வீட்டில் பிரித்தால் ஆளுக்கு நாளைக்கு 8 கிராம், அதில் புரதம் 2 கிராம்கூட இல்லை. ஏழை வீட்டுத் தட்டு எப்படி இருக்கும் என்பதை இந்தக் கணக்கு தீர்மானித்துவிடுகிறது. டெல்டாவில் சம்பா அறுப்புக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்னால் ஈரத்தில் உளுந்தும் பயறும் தெளிப்போம். ஆள் வைத்து அறுத்த காலத்தில் அது தப்பித்தது. இப்போ அறுவடை மெஷின் சக்கரத்தில் முளை நசுங்கிப்போகுது என்று நிறையப் பேர் விட்டுவிட்டார்கள். வீட்டுப் பானையில் பயறு காலியானதற்கு இதுவும் ஒரு காரணம்.

இரண்டாவது முயற்சியில் நான் செய்ததைச் சொல்கிறேன், பெரிய ரகசியம் எதுவும் இல்லை. அரிசி 250 கிராம். பயறு, பருப்பு, கொள்ளு எல்லாம் சேர்த்து 80 கிராம்: காலையில் முளைகட்டிய பாசிப்பயறு இல்லாவிட்டால் கறுப்பு உளுந்துக் கஞ்சி, மத்தியானம் கெட்டிப் பருப்பு. நாட்டுக்கோழி முட்டை ரெண்டு. வேர்க்கடலை ஒரு கைப்பிடிக்கு மேல் இல்லை, ஏன்னா அதில் புரதம் இருக்கிற மாதிரியே கொழுப்பும் கலோரியும் இருக்கு. மோர் தாராளமாக. எண்ணெய் பாதி. டீ ரெண்டு வேளை, சர்க்கரை இல்லாமல். முதல் பத்து நாள் அது டீ மாதிரியே இல்லை. வாரம் ரெண்டு நாள் குளத்து மீன். மொத்தம் 1,950 கலோரிக்குப் பக்கம், புரதம் 65-க்கு மேல். கணக்குப்படி பார்த்தால் மளமளவென்று இறங்கியிருக்கணும். ஆனால் கல்யாண வீடு, கோயில் கொடை, தீபாவளி எல்லாம் கணக்கில் வருமா? ஒன்பது மாசத்தில் 85-லிருந்து 77. மூட்டை தூக்க முடிகிறது. சாயங்கால முறுக்கு டப்பாவை நான் தேடுவதில்லை.

ஒரு எச்சரிக்கை. சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ எடுக்கிறவர்கள் திடீரென்று சோற்றைக் குறைத்தால் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரும். சிறுநீரகக் கோளாறு இருக்கிறவர்கள் இஷ்டத்துக்குப் புரதத்தைக் கூட்டக் கூடாது. ரெண்டு பேரும் மருத்துவரைக் கேட்டுத்தான் செய்யணும். நம் அரிசியை நம்பி மாத்திரையை நிறுத்தியவர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்தப் பாவத்தில் நமக்கும் பங்கு உண்டு. புரத மாவு டப்பாவை ஆயிரக்கணக்கில் விற்பவனைத் திட்டுகிறோம். அரிசியை மருந்து என்று விற்றால் நாம் மட்டும் யோக்கியமா?

அந்த அம்மாவிடம் அன்றைக்கு உண்மையைச் சொன்னேன். "அரிசி நல்ல அரிசிதாம்மா. ஆனா மூணு வேளைக்கு இல்ல. பாதி குறைச்சுட்டு அந்த இடத்துல பயறு வைங்க. டாக்டரயும் பாருங்க." கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். "இத மூணு வருஷம் முன்னாடி சொல்லியிருக்கலாமே தம்பி" என்றார். அரிசி அஞ்சு கிலோவுக்குப் பதிலாக ரெண்டு வாங்கிக்கொண்டு, பயறு இருக்கா என்று கேட்டார். என்கிட்ட இல்லை.

ஒட்டுத்தாளை மாற்றிவிட்டேன். இப்போது ரகம், எந்த வயல், எந்தப் பட்டம், பட்டை தீட்டிய அளவு, இவ்வளவுதான் இருக்கிறது. விற்பனை கொஞ்சம் குறைந்தது உண்மை. இந்தப் பட்டத்தில் வரப்பு முழுக்க உளுந்தும் துவரையும் ஊன்றியிருக்கிறேன். உளுந்தை முழுசாக விற்றுவிடலாம். துவரையை உடைத்துப் பருப்பாக்க முப்பது கிலோமீட்டர் போகணும், அங்கேயும் நம்ம பத்து மூட்டையைத் தனியாக ஓட்டித் தர மாட்டார்கள், மற்றவர்கள் பருப்போடு கலந்துவிடும். நெல்லுக்குச் சின்ன அரவை மெஷின் வாங்கிப் போட்ட குழுக்கள் நம் இயக்கத்தில் இருக்கின்றன. பருப்பு உடைக்கும் சின்ன மெஷினை வட்டத்துக்கு ஒன்றாவது வைக்க முடியுமா என்று அடுத்த கூட்டத்தில் கேட்கப் போகிறேன். ஏற்கெனவே வைத்திருக்கும் தோழர்கள் இருந்தால், மூட்டைக்கு எவ்வளவு உடைசல் விழுகிறது, என்ன செலவாகிறது என்று அடுத்த இதழுக்கு எழுதுங்கள்.