வெற்றி மட்டையின் விலை என்ன?



உங்கள் முன் ஒரு மேசை. அதன்மேல் இரண்டு கிரிக்கெட் மட்டைகள். இரண்டும் ஒரே வகை வில்லோ மரத்தால் ஆனவை. நீளமும் எடையும் ஒன்றே. ஆனால் ஒன்றின் விலை சில ஆயிரம் ரூபாய். மற்றொன்றின் விலையோ ஒரு இலட்சம் பவுன்! இப்படியும் நடக்குமா என்று கேட்பீர்கள்.

நடந்திருக்கிறது. 2011ஆம் ஆண்டு ஏப்ரல் 2ஆம் நாள், மும்பை வாங்கடே மைதானத்தில் உலகக் கோப்பை இறுதியாட்டம். இலங்கை அணிக்கு எதிராகத் தோனி ஒரு சிக்ஸர் அடித்து ஆட்டத்தை முடித்தார். 28 ஆண்டுகளுக்குப் பிறகு கோப்பை மீண்டும் இந்தியாவுக்கு வந்தது. அவர் அன்று ஆடிய மட்டை அதே ஆண்டு ஜூலை மாதம் இலண்டனில் அறப்பணிக்காக நடந்த ஒரு விருந்தில் 1,00,000 பவுனுக்கு ஏலம் போயிற்று. அன்றைய கணக்கில் ஏறத்தாழ 70 இலட்சம் ரூபாய்.

இயற்பியல் ஆசிரியனாகிய நான் இதைப் படித்தபோது எனக்குள் எழுந்த கேள்வி இதுதான்: அந்த மட்டையில் என்ன மாறிவிட்டது? நிறை மாறவில்லை. அடர்த்தி மாறவில்லை. மீள்தன்மையும் மாறவில்லை. இறுதியாட்டத்துக்கு முதல் நாள் அது எப்படி இருந்ததோ, சில கீறல்கள் நீங்கலாக, மறுநாளும் அப்படியே இருந்தது. அப்படியானால் மாறியது மட்டையன்று. அதனை விரும்பும் மனிதர்களின் எண்ணிக்கைதான் மாறியது.

இதனைப் புரிந்துகொள்ள இலண்டன் வரை போகவேண்டியதில்லை. உங்கள் ஊர்ப் பூக்கடைக்குப் போங்கள். முகூர்த்த நாளில் மல்லிகை விலை மளமளவென்று ஏறும், மறுநாள் இறங்கிவிடும். பூவின் மணம் கூடவில்லை. கேட்போர் கூடினார்கள், அவ்வளவே. விளையாட்டு நினைவுப் பொருள்களும் இப்படித்தான். சென்னை சூப்பர் கிங்ஸ் அணி 2022இல் ஐ.பி.எல். பட்டியலில் ஒன்பதாம் இடத்தில் நின்றது. 2023இல் கோப்பையை வென்றது. 2025இல் பத்தாம் இடம், அதாவது கடைசி இடம். மஞ்சள் சட்டையின் நூல் மூன்றாண்டுகளிலும் ஒரே நூல்தான். வாங்கத் துடித்த கைகளின் எண்ணிக்கை மட்டும் ஏறி இறங்கியிருக்கும்.

ஆனால் இங்கே ஒரு வேறுபாட்டை நீங்கள் கவனிக்கவேண்டும். சட்டைக்குத் தேவை கூடினால் ஆலையில் மேலும் பல்லாயிரம் சட்டைகளைத் தைத்துவிடலாம். ஆகவே அதன் விலை நெடுநாள் உயர்ந்து நிற்காது. இறுதியாட்டத்தில் ஆடிய மட்டையை அவ்வாறு மீண்டும் செய்ய இயலாது. அது ஒன்றே ஒன்று. ஆயிரம் பேர் கேட்டாலும் ஒன்றுதான். எனவேதான் அதன் விலை வானத்தைத் தொடுகிறது.

அந்த விலையாவது நிலைக்குமா? அதற்கும் உறுதியில்லை. 1998ஆம் ஆண்டு அமெரிக்க பேஸ்பால் ஆட்டத்தில் மார்க் மக்வயர் ஒரே பருவத்தில் 70 ஹோம் ரன்கள் அடித்துப் புதிய சாதனை படைத்தார். அந்த எழுபதாவது பந்து மறு ஆண்டு சுமார் 30 இலட்சம் டாலருக்கு விலைபோயிற்று. மூன்றே ஆண்டுகளில், 2001இல், பேரி பாண்ட்ஸ் 73 அடித்து அச்சாதனையை முறியடித்தார். 2003இல் அவருடைய பந்துக்குக் கிடைத்ததோ சுமார் 5 இலட்சம் டாலர்தான்! சாதனை பெரியது, விலை சிறியது. 2010இல், தாம் ஊக்க மருந்து உட்கொண்டதை மக்வயரே ஒப்புக்கொண்டார். பந்தின் தோலும் தையலும் அப்படியே இருக்க, அதன் கதை மட்டும் மங்கிப்போயிற்று.

தேவை மிகுந்து, பொருள் ஒன்றே ஒன்றாக இருக்கும்போது என்ன நடக்கும்? போலிகள் முளைக்கும். அமெரிக்கப் புலனாய்வுத் துறையான எஃப்.பி.ஐ., போலிக் கையொப்பங்களை விற்ற கும்பல்களைப் பிடிப்பதற்கென்றே 1990களில் தனி நடவடிக்கை எடுக்கவேண்டியிருந்தது.

இது ஏதோ தொலைவில் நடக்கும் செய்தி என்று எண்ணிவிடாதீர்கள். 2023 ஜூன் மாதம் என் மாணவர் ஒருவர் ஒரு புகைப்படத்துடன் ஆய்வகத்துக்கு வந்தார். கோப்பை வென்ற வாரத்தில் இணையத்தின் வழியாக ரூ. 3,500 கொடுத்து வாங்கியது. அது விடுமுறையில் துணிக்கடையில் நின்று சம்பாதித்த பணம். படத்தின் மூலையில் புகழ்பெற்ற ஆட்டக்காரர் ஒருவரின் கையொப்பம். கூடவே பொன்னிற முத்திரையுடன் ஒரு சான்றிதழ். "உண்மையானதுதானே சார்?" என்று கேட்டார்.

நான் பதில் சொல்லாமல் ஓர் உருப்பெருக்கியை அவர் கையில் கொடுத்தேன். அச்சிட்ட வண்ணப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் நீலம், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்னும் நான்கு நிறப் புள்ளிகள் தெரியும். செய்தித்தாளில் உள்ள வண்ணப் படத்தில் நீங்களே இதைச் செய்து பார்க்கலாம். பேனாவால் இட்ட கோடு அவ்வாறு இருக்காது. மை தொடர்ச்சியாகப் படிந்திருக்கும். மாணவர் முகத்தைப் பார்த்தார், புள்ளிகள். கையொப்பத்தைப் பார்த்தார், அங்கும் அதே புள்ளிகள். கையொப்பமும் படத்தோடு சேர்ந்தே அச்சானது!

மறுநாள் அவர் தாமாகவே இன்னொரு சோதனையும் செய்தார். அதே படத்தை வாங்கியிருந்த நண்பரின் பிரதியைத் தம்முடையதன்மேல் வைத்து, சன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். இரண்டு கையொப்பங்களும் இம்மியும் பிசகாமல் பொருந்தின. எந்த மனிதரும் இருமுறை அச்சுப்போல் ஒரே கையொப்பத்தை இடமுடியாது. பணம் திரும்பக் கிடைக்கவில்லை. அந்தச் சான்றிதழை எடுத்துப் பார்த்தேன். கையொப்பம் எந்த நாளில், எந்த ஊரில், யார் முன்னிலையில் இடப்பட்டது என்று அதில் ஒரு சொல்கூட இல்லை.

உண்மையான பொருளுக்கு அறிவியல் சாட்சி சொல்லும். வில்லோ மரத்தின் ஆண்டு வளையங்கள் மட்டையின் முகத்தில் கோடுகளாகத் தெரியும். அவற்றின் இடைவெளி மட்டைக்கு மட்டை வேறுபடும். ஆட்ட நாளில் எடுத்த தெளிவான படத்தோடு அந்தக் கோடுகளை ஒப்பிட்டால் அதே மட்டையா என்று கூறிவிடலாம். பழைய காகிதத்தைப் புற ஊதாக் கதிரில் காட்டுவதும் உண்டு. வெண்மை கூட்டும் வேதிப்பொருள்கள் கலந்த காகிதம் நீலமாக ஒளிரும். அவை பரவலாகப் பயன்பாட்டுக்கு வந்தது 1950ஐ ஒட்டித்தான். ஆகவே 1930ஆம் ஆண்டுக் கையொப்பம் என்று சொல்லப்படும் தாள் பளிச்சென்று ஒளிர்ந்தால் ஐயப்படவேண்டும்.

அப்படியானால் எதையுமே வாங்கக்கூடாதா, சேர்க்கக்கூடாதா? அப்படிச் சொல்லமாட்டேன். பிடித்த அணியின் சட்டையைப் பிடித்திருப்பதற்காக வாங்குங்கள். விலை ஏறும் என்பதற்காக வாங்காதீர்கள். வெற்றியின் ஆரவாரம் அடங்கும்வரை பணப்பையைத் திறக்காதீர்கள். "அரியது" என்று யாரேனும் சொன்னால், "சான்று என்ன?" என்று கேளுங்கள். ஆய்வகத்தில் ஓர் அளவீட்டை எழுதும்போது நாளையும் கருவியையும் குறிக்கிறோம் அல்லவா? அதே ஒழுங்கு இங்கும் வேண்டும்.

இன்னும் ஒன்று. உங்கள் பள்ளிக் கபடி அணி வட்டாரப் போட்டியில் வென்றதா? அந்தக் குழுப் படத்தின் பின்புறம் நாள், இடம், எதிரணி, ஆடிய ஏழு பேரின் பெயர்கள் ஆகியவற்றை இன்றே எழுதிவையுங்கள். அதற்கு ஏலத்தில் ஒரு ரூபாயும் கிடைக்காமல் போகலாம். ஆனால் முப்பது ஆண்டுகள் கழித்து அதை எடுத்துப் பார்க்கும்போது, அது உண்மையானதா என்று நீங்கள் யாரிடமும் கேட்கவேண்டியிராது.