வீட்டிலிருந்தே வியாபாரமா? வாடிக்கையாளர் தகவலுக்கு நீங்களும் பொறுப்பு

தீபாவளி நெருங்கினால் கெடாவில் பல வீடுகள் சின்னத் தொழிற்சாலையாகிவிடும். பீடோங் பக்கம் தோட்டத்து வீட்டில் முறுக்கு. சுங்கை பட்டாணி தாமான் வீட்டில் ரவிக்கைத் தையல். கூலிமில் நான்கைந்து கடைகளுக்கு வீட்டிலிருந்தே சம்பளக் கணக்கு எழுதும் அக்கா. சுடுவதும் தைப்பதும் அம்மாவாக இருக்கலாம். ஆர்டர் வரும் கைப்பேசியைப் பார்த்துக்கொள்வது பெரும்பாலும் நீங்கள்தான். அந்த வியாபாரத்தின் ஐடி பிரிவே நீங்கள்தான்!

"நம்மகிட்ட திருட என்ன இருக்கு?"

இருக்கிறது. வாடிக்கையாளர் பெயர், வீட்டு முகவரி, பணம் அனுப்பிய வங்கி ரசீது, தொழிலாளியின் ஐசி நகல், இபிஎஃப் எண். 2024 ஆகஸ்ட் 1 முதல் இ-இன்வாய்ஸ் கட்டங்கட்டமாக அமலுக்கு வந்ததால், வாங்குபவரின் ஐசி எண்ணையும் வரி எண்ணையும் கேட்டு வாங்கும் வியாபாரங்களும் கூடிவருகின்றன. பெயர், ஐசி எண், தொலைபேசி எண் மூன்றும் ஒன்றாகக் கிடைத்தால் மோசடிக்காரருக்கு அது போதும். "வங்கியிலிருந்து பேசுகிறோம்" என்று நம்பும்படி பேசிவிடுவார்.

சட்டம் என்ன சொல்கிறது?

2010 தனிநபர் தரவு பாதுகாப்புச் சட்டம் வணிக நோக்கில் பிறர் தகவலைக் கையாளும் எல்லோருக்கும் பொருந்தும். "வீட்டு வியாபாரம்தானே" என்று விலக்கு கிடையாது. 2024-இல் இச்சட்டம் திருத்தப்பட்டது. 2025 ஏப்ரல் 1 முதல், தரவு பாதுகாப்புக் கோட்பாடுகளை மீறினால் அதிகபட்ச அபராதம் 3 லட்சம் ரிங்கிட்டிலிருந்து 10 லட்சம் ரிங்கிட்டாகவும், சிறைத் தண்டனை 2 ஆண்டிலிருந்து 3 ஆண்டாகவும் உயர்ந்தது.

2025 ஜூன் 1 முதல் இன்னொரு கடமையும் சேர்ந்தது. தகவல் கசிந்து, அதனால் மக்களுக்குப் பெரிய பாதிப்பு வரக்கூடும் என்றால் 72 மணி நேரத்துக்குள் தரவு பாதுகாப்பு ஆணையரிடம் தெரிவிக்க வேண்டும். பாதிக்கப்பட்டவர்களுக்கு அதன்பின் 7 நாளுக்குள் சொல்ல வேண்டும். இது மணிக்கணக்கு. வியாழன் இரவு கசிந்தால், கெடாவின் வெள்ளி, சனி விடுமுறையும் அதற்குள்ளேயே ஓடிவிடும்.

எப்படிப் பறிபோகிறது?

பெரும்பாலும் பெரிய ஹேக்கர் வேலை எதுவும் தேவையில்லை. தெரிந்தவர் எண்ணிலிருந்தே வாட்ஸ்அப் செய்தி வரும்: "உங்க போனுக்கு 6 இலக்க எண் தவறி வந்திருக்கு, அனுப்புங்க." அனுப்பினால் உங்கள் கணக்கு அவர்கள் கையில். அல்லது கல்யாணப் பத்திரிகை என்று ஒரு ஏபிகே கோப்பு வரும். அதை நிறுவி, கேட்கும் அனுமதியெல்லாம் கொடுத்தால், உங்கள் குறுஞ்செய்திகளை அவர்கள் படிப்பார்கள். வங்கி அனுப்பும் எண்ணும் அதில் அடக்கம்.

இன்னொரு காரணம் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. ஒரே போனில்தான் அம்மாவின் ஆர்டரும் தம்பியின் கேமும் ஓடுகின்றன. தம்பி எதை இறக்கினாலும் ஆபத்து வியாபாரத்துக்கும் சேர்த்துத்தான். கோலாலம்பூர் நிறுவனத்துக்கு வீட்டிலிருந்து வேலை செய்பவர்களுக்கும் இதே கதைதான். அலுவலகக் கோப்பைச் சொந்த மடிக்கணினியில் சேமித்தால், அது வீட்டில் எல்லோர் கைக்கும் எட்டும்.

சரி, இப்ப என்ன செய்யலாம்?

• வியாபாரத்துக்குத் தனி எண் வையுங்கள். முடிந்தால் தனி போன், பழையதாக இருந்தாலும் மென்பொருள் புதுப்பிப்பு வருவதாகப் பாருங்கள்.

• வாட்ஸ்அப்பில் இரண்டு படிச் சரிபார்ப்பை இயக்கி, உங்கள் சொந்த பின் எண்ணைப் போடுங்கள். நீங்கள் போடாவிட்டால் திருடன் போடுவான். அப்புறம் கணக்கை மீட்க 7 நாள் வரை காத்திருக்க நேரலாம். தீபாவளிக்கு முந்தின வாரம் அது நடந்தால்?

• வாட்ஸ்அப்பில் இணைக்கப்பட்ட சாதனங்களின் பட்டியலைப் பாருங்கள். தெரியாதது இருந்தால் நீக்குங்கள்.

• செயலியை அதிகாரபூர்வ ஸ்டோரிலிருந்து மட்டும் இறக்குங்கள்.

• தேவையில்லாமல் ஐசி நகல் கேட்காதீர்கள். வாங்கினால், வேலை முடிந்ததும் அழியுங்கள். போனின் புகைப்படத் தொகுப்பிலும் பாருங்கள், அங்கேயும் ஒரு நகல் இருக்கும்.

• வைஃபை ரூட்டரோடு வந்த கடவுச்சொல்லை மாற்றுங்கள்.

பறிபோய்விட்டால்?

உங்கள் எண்ணை வாட்ஸ்அப்பில் மறுபடி பதிவு செய்யுங்கள். அப்போது மற்றவர் வெளியேற்றப்படுவார். பணம் போயிருந்தால் உடனே வங்கியை அல்லது 997-ஐ அழைத்து, போலீஸ் புகாரும் செய்யுங்கள். வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். வேறொரு எண்ணிலிருந்து வாடிக்கையாளர்களுக்கு இரண்டு வரி போதும்: "என் வாட்ஸ்அப் பறிபோய்விட்டது. அந்த எண்ணிலிருந்து பணம் கேட்டால் கொடுக்க வேண்டாம்."

அம்மாவின் முறுக்கை வாங்குபவர்கள் பெரும்பாலும் பக்கத்து வரிசை வீட்டுக்காரர்கள், கோயிலில் பார்ப்பவர்கள். அவர்கள் பணம் அம்மாவின் பெயரில் ஏமாற்றப்பட்டால், அபராதம் வராவிட்டாலும் அந்த முகங்களைப் பார்க்க வேண்டியது அம்மாதான். இன்று இரவு அந்த போனைக் கேட்டு வாங்கி, பின் எண்ணைப் போட்டுக் கொடுங்கள். சில நிமிட வேலைதான்.