பெயர் சொல்லி ஒரு நன்றி



சென்ற ஆண்டு எங்கள் பங்கின் பாதுகாவலர் திருவிழா முடிவில் நன்றியுரை கூறும் பொறுப்பு எனக்குரியதாயிற்று. பந்தல் அமைத்தவர், ஒலிபெருக்கி தந்தவர், மின்விளக்குச் செலவை ஏற்றவர், தேருக்குப் பூ வழங்கியவர் என ஒரு நீண்ட பட்டியலை வாசித்தேன். பொன்னாடைகளும் குறைவின்றிப் போர்த்தப்பட்டன. கடைசியில், "மற்றும் பலவகையிலும் உழைத்த அனைவருக்கும்" என்று எஞ்சியோரை ஒரே மூட்டையாய்க் கட்டிவிட்டு மேடையிலிருந்து இறங்கினேன்.

அந்த மூட்டைக்குள் ஓர் ஆசிரியை இருந்தார். 19 ஆண்டுகளாக எங்கள் ஊர்ப் பிள்ளைகளைப் புதுநன்மைக்குத் தயாரிப்பவர்; ஒரு காசு ஊதியம் பெற்றவரல்லர். அடுத்த ஞாயிறு, மறைக்கல்வி அறையின் சாவியைப் பீடச்சிறுவன் ஒருவன் கையில் கொடுத்தனுப்பிவிட்டார். கடிதமும் இல்லை, முறையீடும் இல்லை.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன்: முதலில் எனக்குச் சினமே வந்தது. வலக்கை செய்வதை இடக்கை அறியலாகாது என்று ஆண்டவர் சொல்லவில்லையா, புகழுக்காகவா இறைப்பணி என்று எண்ணினேன். சற்று அமர்ந்து சிந்தித்தபோதுதான் உறைத்தது. அந்த வார்த்தை கொடுப்பவருக்குச் சொல்லப்பட்டது. பெற்றுக்கொள்பவன் அதை எடுத்துச் சொல்லித் தன் கடனிலிருந்து தப்புவது முறையாகுமா?

புனித சின்னப்பர் அவ்வாறு தப்பவில்லை. உரோமையருக்கு எழுதிய திருமுகத்தின் 16-ஆம் அதிகாரத்தைப் பலர் வெறும் பெயர்ப்பட்டியல் என்று தாண்டிப் போய்விடுவோம். அங்கே இருபதுக்கும் மேற்பட்டோரைப் பெயர் சொல்லி அழைக்கிறார். பலருக்கு, அவர்கள் செய்தது இன்னதென்றும் சொல்கிறார். பெபேயா பலருக்கு உதவியவர். பிரிஸ்காவும் அக்கிலாவும் அவருக்காகத் தங்கள் உயிரையே பணயம் வைத்தவர்கள். ரூபுவின் தாய் அவருக்கும் தாயாய் இருந்தவர். சொல்லச் சொல்லத் திருமுகத்தை எழுதிய தெர்த்தியுவும்கூட இடையில் தம் பெயரால் ஒரு வாழ்த்துச் சொல்லிக்கொள்கிறார். அதைச் சின்னப்பர் தடுக்கவில்லை!

நம் மண்ணிலும் இதற்கு முன்மாதிரி உண்டு. 1540-களில் முத்துக்குளித்துறையில் உழைத்த புனித சவேரியார், தாம் அடுத்த ஊருக்குச் சென்றபின் செபம் சொல்லிக்கொடுக்க ஊர்தோறும் கணக்கப்பிள்ளைகளை நியமித்தார். அவர்களைப் புகழ்ந்து பேசியதோடு நின்றாரில்லை. போர்த்துக்கல் அரசியின் காலணிச் செலவுக்கென ஒதுக்கப்பட்டிருந்த 4000 பொற்பணத்தை அவர்களுக்கென்று கேட்டுப் பெற்றார். நன்றி என்பது அவருக்கு வாய்ச்சொல்லாக இருக்கவில்லை.

அன்று மாலையே ஆசிரியையின் வீட்டுக்குப் போனேன். அவருடைய கணவர்தாம் நாற்காலி எடுத்துப் போட்டார். "ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் காலை உணவு பதினொரு மணிக்குத்தான், சாமி. பழகிப்போய்விட்டது" என்று சிரித்தார். 19 ஆண்டுகளாக அவரும் நம் கோவிலுக்குத் தொண்டு செய்திருக்கிறார் என்பது எனக்கு அப்போதுதான் புலப்பட்டது.

நான் மன்னிப்புக் கேட்டேன். ஆசிரியை தலையசைத்து மறுத்தார். "பெயர் சொல்லாததற்காக நான் சாவியை அனுப்பவில்லை, சாமி. மழை வந்தால் நாற்பது பிள்ளைகளும் ஒழுகும் தாழ்வாரத்தில்தான் நிற்கிறார்கள். சிறு பிள்ளைகளைத் தனியே பார்க்க ஓர் ஆள் வேண்டுமென்றும் இரண்டு ஆண்டாய்க் கேட்கிறேன். நீங்கள் 'ஆகட்டும்' என்றீர்கள். தோரண விளக்குக்குப் பணம் இருந்ததே என்றுதான் மனம் விட்டுப்போயிற்று."

பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பெற்றோர்களே, உங்களிடமும் ஒரு கேள்வி. உங்கள் பிள்ளைக்கு மறைக்கல்வி கற்பிப்பவரின் பெயர் தெரியுமா? பாடகர் குழுவை நடத்துபவர், அன்பியத்தின் பொறுப்பாளர், நோயாளிகளைச் சந்திக்கும் மரியாயின் சேனையார் ஆகியோரின் வீட்டில் ஒரு துன்பமென்றால், அங்கே போனவர் நம்முள் எத்தனை பேர்? மறைக்கல்வியாளர் பணியைத் திருச்சபையின் நிறுவப்பட்ட திருப்பணியாக 2021-ஆம் ஆண்டு மே 10-ஆம் நாள் திருத்தந்தை பிரான்சிஸ் உயர்த்தினார். உரோமை அறிந்து மதித்தவரை அடுத்த தெரு அறியாதிருக்கலாமா?

எங்கள் பங்குப் பேரவை கூடி, தாழ்வாரத்துக்கு ஐப்பசி மழைக்கு முன்பே கூரை போட்டது. கல்லூரியில் பயிலும் இரு பெண்கள் சிறு பிள்ளைகளின் வகுப்பை ஏற்றிருக்கிறார்கள். சாவியை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிக்கொண்டவர், "அலமாரிக் கதவும் சரியாக மூடவில்லை, சாமி" என்றார். தச்சரை வரச் சொல்லியிருக்கிறேன்.