காணாமற்போன இடம் எங்கே?

கம்ப்யூட்டர் திடீரென்று விழுந்து, மறுபடி உயிர்பெற்று எழுந்ததும், டிஸ்கில் பத்து, இருபது ஜி.பி. இடம் குறைந்திருக்கக் கண்டு திகைப்பவர்கள் அநேகர். புதிதாக ஒன்றையும் சேர்க்கவில்லை. பின் இடம் எங்கே போயிற்று? ரிப்பேர்க் கடைக்குத் தூக்கிச் சென்றால் பெரும்பாலும் கிடைக்கும் பதில், "ஃபார்மட் அடிச்சிடலாம், சார்" என்பதுதான். தலைவலிக்குத் தலையையே வாங்கும் வைத்தியம் இது. கல்யாணப் படங்களும் கடைக் கணக்கும் அதோடு போய்விடும்.

இடம் ஆவியாகிவிடுவதில்லை. விண்டோஸ் யந்திரம் நீலத் திரையைக் காட்டி விழும்போது, அந்த நிமிஷத்தில் நினைவகத்தில் இருந்ததை 'மெமரி.டிஎம்பி' என்ற ஃபைலில் எழுதி வைக்கிறது. விபத்து நடந்த இடத்தில் போலீசார் எழுதும் மகஜர் மாதிரி. நினைவகம் முழுவதையும் எழுதும்படி அமைத்திருந்தால், 16 ஜி.பி. நினைவகமுள்ள யந்திரத்தில் மகஜரும் ஏறக்குறைய 16 ஜி.பி. வரும்! 'டிஸ்க் க்ளீனப்' வசதியில் சிஸ்டம் ஃபைல்களையும் சேர்த்துத் தேடினால் இது அகப்படும். ஆனால் யந்திரம் அடிக்கடி விழுகிறதென்றால் அவசரப்பட்டு அழிப்பது புத்திசாலித்தனமல்ல. விழுந்த காரணத்துக்கு அதுதான் சாட்சி.

விண்டோஸை மறுபடி ஏற்றியிருந்தால், பழையது முழுவதும் 'விண்டோஸ்.ஓல்ட்' என்ற பெயரில் மூலையில் கிடக்கக்கூடும். சொந்த ஃபைல்கள் அதற்குள் சிக்கியிருக்கின்றனவா என்று பார்த்த பிறகே அதை நீக்க வேண்டும்.

500 ஜி.பி. என்று வாங்கிய டிஸ்க் 465 என்று காட்டுவது வேறு கதை. தயாரிப்பவர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார்; விண்டோஸ் 1,024 ஆக எண்ணுகிறது. அதற்கும் விபத்துக்கும் சம்பந்தமில்லை.

பென் டிரைவ், காமிரா கார்டு இவற்றின் சங்கதிதான் விசித்திரம். இவற்றில் பெரும்பாலானவை 'ஃபேட்' வகைப் பதிவேட்டையே இன்னும் நம்பியிருக்கின்றன. எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால், நிலம் 'உபயோகத்தில்' என்று ஒரு ஏட்டில் பதிவாகிவிடும். பட்டாதாரர் பெயர் மட்டும் எந்த ஏட்டிலும் இராது. சொந்தக்காரனும் இல்லை, காலி மனையும் இல்லை. 1993-ல் விண்டோஸ் என்.டி.யுடன் வந்த 'என்.டி.எஃப்.எஸ்.' முறை, செய்யும் மாற்றங்களை முன்கூட்டியே குறித்து வைத்துக்கொள்வதால் இந்தக் குழப்பம் அதில் குறைவு.

இதைச் சரிசெய்ய 'செக் டிஸ்க்' என்ற கட்டளை விண்டோஸிலேயே இருக்கிறது. ஆனால் அது டிஸ்கில் எழுதித் திருத்தும் வேலை. டிஸ்கே பழுதாகி 'டக், டக்' என்று சத்தம் போட்டால் அதை ஏவவே கூடாது. முக்கியமானவற்றை வேறிடத்தில் நகல் எடுப்பதே முதல் காரியம்.

விண்டோஸைத் தயாரிப்பவர்கள் மீதும் குறை உண்டு. விழுந்து எழுந்த யந்திரம், "இத்தனை ஜி.பி.யை நான் எடுத்துக்கொண்டேன், இன்ன இடத்தில் இருக்கிறது" என்று ஒரு வரி சொன்னால் என்ன குறைந்துவிடும்? அந்த ஒரு வரி இல்லாததால்தான் ஃபார்மட் வைத்தியம் கொடிகட்டிப் பறக்கிறது.

செக் டிஸ்க் மீட்டுத் தருவதை 'ஃபவுண்ட்.000' என்ற மறைவான ஃபோல்டரில், 'சிஎச்கே' என்று முடியும் பெயர்களுடன் போட்டு வைக்கும். குப்பை என்று பலர் துடைத்து எறிவது இதைத்தான். காமிரா கார்டிலிருந்து வந்ததானால், ஒரு நகல் எடுத்து, பெயரின் கடைசியை 'ஜேபிஜி' என்று மாற்றித் திறந்து பார்க்கலாம். சில சமயம் படம் முழுசாகவே வந்து நிற்கும்.