ஜெனரேட்டரை உங்க தலைமாட்டுல வைங்க சார்!

போன ஜனவரியில் நாங்கள் ஏழு குடும்பம் பவனா ஏரிக்கரையில் கூடாரத்தில் ஒரு ராத்திரி தங்கப் போயிருந்தோம். புனேயில் இருப்பவர்களுக்கு இடத்தைச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக: பவனா அணையின் நீர்த்தேக்கம், சுற்றிலும் லோஹகட், திகோனா, துங் என்று கோட்டை மலைகள். கரையோரத்தில் விவசாயிகள் தங்கள் நிலத்திலேயே கூடாரம் அடித்து வாடகைக்கு விடுகிறார்கள். பொங்கலுக்கு ஊருக்கு டிக்கெட் கிடைக்காத எங்களை மாதிரி ஆட்களுக்கு அதுதான் குற்றாலம், கொடைக்கானல் எல்லாம்.

நாங்கள் போன இடத்தில் கரண்ட் கிடையாது. புக் பண்ணும்போதே, "சோலார் லைட் கொஞ்ச நேரம் எரியும் சாஹேப், அப்புறம் டார்ச்தான்" என்று சொல்லிவிட்டார்கள். அதைக் கேட்டதும் நம்மாட்கள் செய்த முதல் வேலை என்ன தெரியுமா? பந்தல் போடுகிறவரிடம் போய் ஒரு ஜெனரேட்டரை வாடகைக்கு எடுத்ததுதான். ரெண்டு கேவிஏ, பெட்ரோலில் ஓடுவது. கார் டிக்கியில் அது மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்து வந்தது. பையெல்லாம் பிள்ளைகள் மடியில்.

"யாருய்யா அந்த அறிவாளி?" என்று கேட்காதீர்கள். வாடகையில் ஏழில் ஒரு பங்கு என்னுடையது. ஆகவே இங்கே திட்டு வாங்கப் போகிறவர்களில் முதல் ஆள் நான்தான்.

சாயங்காலம் ஏழு மணிக்கு ஸ்டார்ட் செய்தோம். ரைஸ் குக்கர், எலெக்ட்ரிக் கெட்டில், பிள்ளைகளுக்குப் படம் போட ப்ரொஜெக்டர், அதற்கு ஒரு ஸ்பீக்கர், பதினாலு செல்போன். சத்தம் காதைக் கிழித்தது. "ஒயர் எவ்வளவு தூரம் வருதோ அவ்வளவு தூரம் தள்ளி வைங்கப்பா, பேசறதே கேக்கல" என்றார் சேலத்து நண்பர். எல்லோரும் தலையாட்டினோம். தள்ளிக்கொண்டே போய் வைத்தோம். ஒயர் முடிந்த இடத்தில் ஒரு நீலக் கூடாரம். உள்ளே ஒரு கணவன், மனைவி, மூன்று வயது மதிக்கத்தக்க குழந்தை. மராத்திக் குடும்பம்.

இதைக் கொஞ்சம் நிதானமாக யோசித்துப் பாருங்கள். ஜெனரேட்டர் வைத்திருக்கும் எவனும் அதைத் தன் தலைமாட்டில் வைப்பதில்லை. தனக்கு எட்டாத தூரத்தில்தான் வைக்கிறான். அந்தத் தூரம் இன்னொருத்தனுக்குப் பக்கம். வெளிச்சம் நமக்கு, சத்தம் அவனுக்கு, புகையும் அவனுக்கு. பெட்ரோல் செலவு மட்டும் நம்முடையது என்பதால் எல்லாமே நம் காசில் நடப்பதாக ஒரு நினைப்பு!

பத்தரை மணிக்கு அந்த இடத்தைப் பார்த்துக்கொள்ளும் பையன் வந்தான். வேலிக்கு அந்தப் பக்கம்தான் அவன் வீடு. அம்மா விடியற்காலை நாலு மணிக்கு எருமை கறக்க எழுந்திருக்க வேண்டும், கொஞ்சம் நிறுத்துங்களேன் என்று தயங்கித் தயங்கிக் கேட்டான். எங்கள் பக்கத்துப் பதில் ரெடியாக இருந்தது. "தம்பி, எங்ககூட வந்திருக்கிற பெரியவருக்கு மூச்சுத் திணறல். தூங்கும்போது மெஷின் போடணும். அதுக்குத்தான் ஓடுது." பையன் ஒன்றும் பேசாமல் போய்விட்டான்.

பெரியவர் விஷயம் பொய் இல்லை. நண்பரின் அப்பாவுக்கு ஸ்லீப் ஆப்னியா. சிபேப் மெஷின் இல்லாமல் படுக்க முடியாது. ஆனால் பையன் வந்து கேட்ட நேரத்தில் ஓடிக்கொண்டிருந்தது மெஷின் இல்லை, படம். அதுவும் இரண்டாவது படம்.

பன்னிரண்டு மணி வாக்கில் நான் வெளியே வந்தேன். நீலக் கூடாரத்துக்காரர் இருட்டில் குனிந்து முளைக்குச்சிகளைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். அந்த அம்மா ஒரு கையில் டார்ச்சும் தோளில் தூங்குகிற குழந்தையுமாக நின்றார். கூடாரத்தை அப்படியே இழுத்துக்கொண்டு கரையின் அந்தக் கோடிக்குப் போய்விட்டார்கள். எங்களைப் பார்த்து ஒரு வார்த்தை கிடையாது. நான் பார்த்துக்கொண்டே நின்றேன். போய் ஒரு கை பிடித்திருக்கலாம். இல்லை, பத்தடி நடந்து சுவிட்சை அமுக்கியிருக்கலாம். இரண்டையும் செய்யவில்லை.

நிறுத்தியது அந்தப் பெரியவர்தான். ஸ்வெட்டரும் மப்ளருமாக வெளியே வந்தவர், "எனக்காக இது ஓட வேணாம்பா. நான் சாய்ஞ்ச மாதிரி உக்காந்தே தூங்கிக்கிறேன். என் பேரச் சொல்லி ஊர எழுப்பாதீங்க" என்றார். மகனுக்கு முகம் தொங்கிப்போயிற்று. ஜெனரேட்டர் நின்றது. பெரியவர் கார் சீட்டில் சாய்ந்தபடி மீதி ராத்திரியை ஓட்டினார்.

இப்போது வாதத்துக்கு வருகிறேன். இந்தக் கதையை எங்கள் வட்டாரத்தில் சொன்னபோது வந்த பதில்கள் எனக்கு மனப்பாடம்.

"காசு குடுத்துத்தானே தங்கறோம்?" ஆமாம். கூடாரத்துக்குக் கொடுத்தோம். ராத்திரிக்குக் கொடுத்தோமா? நீலக் கூடாரத்துக்காரரும்தான் காசு கொடுத்தார்.

"இந்தியாவுல சத்தம் இல்லாம எங்க இருக்கு?" இதைச் சொல்லும் அதே வாய்கள்தான் எங்கள் அபார்ட்மென்ட்டில், பக்கத்து டவரின் ஜெனரேட்டர் படுக்கையறைப் பக்கம் வந்தபோது சொசைட்டிக்கு மூன்று பக்கக் கடிதம் எழுதின. எட்டாவது மாடியில் உரிமையாக இருப்பது ஏரிக்கரையில் எப்படிச் சோம்பேறிக் கேள்வியாக மாறுகிறது? நமக்குச் சின்ன வயசிலிருந்தே சத்தம் என்றால் விசேஷம். கல்யாண மண்டபத்துக்குப் பின்னால் ஓடும் ஜெனரேட்டர், கோயில் கொடையில் குழாய் ஸ்பீக்கர். எனக்கும் அது பிடிக்கும். ஆனால் அது ஊரே சேர்ந்து எடுக்கும் விசேஷம். இங்கே விசேஷம் நமக்கு மட்டும்.

சட்டமும் சும்மா இல்லை. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளில் இரவு என்றால் 10 மணி முதல் காலை 6 மணி வரை. குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45. 2005 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சத்தத்தைப் பற்றிய தீர்ப்பில், பிறர் சத்தத்திலிருந்து விடுபட்டு அமைதியாக இருப்பதும் அரசியலமைப்பின் 21-ஆவது பிரிவு தரும் வாழும் உரிமையில் சேர்ந்தது என்றே சொல்லிவிட்டது.

"அப்ப சைலன்ட் ஜெனரேட்டர் எடுத்துட்டா போச்சு!" இதுதான் எங்கள் இன்ஜினியர்களுக்குப் பிடித்த பதில். சரி, கணக்குப் போடுவோம். 1000 கேவிஏ வரைக்குமான டீசல் ஜெனரேட்டர்களுக்கு, மூடிய உறையிலிருந்து 1 மீட்டர் தூரத்தில் 75 டெசிபலுக்கு மேல் போகக் கூடாது என்பது 2002-இல் வந்த விதி. திறந்தவெளியில் சின்ன இயந்திரம் என்றால், தூரம் இரண்டு மடங்காகும்போதெல்லாம் சுமார் 6 டெசிபல் குறையும். 2 மீட்டரில் 69. 4 மீட்டரில் 63. 8-இல் 57. 16-இல் 51. 32 மீட்டர் போனால்தான் 45. விதிக்கு உட்பட்ட, உறை போட்ட இயந்திரத்துக்கே இந்தக் கதி. பந்தல்காரர் தரும் மொட்டை இயந்திரம் இதைவிட மோசம். போதாக்குறைக்கு ராத்திரியில் ஏரித் தண்ணீரை ஒட்டிய காற்று குளிர்ந்து, மேலே உள்ள காற்று கதகதப்பாக இருந்தால், சத்தம் மேலே போகாமல் வளைந்து இறங்கித் தண்ணீர் மேலேயே ரொம்பத் தூரம் போகும். எதிர்க்கரை நாய் குரைப்பது இந்தக் கரையில் கேட்பது அதனால்தான்.

இனி முக்கியமான விஷயம். தலைமாட்டில் வையுங்கள் என்று தலைப்பில் சொன்னேனே, தயவுசெய்து நிஜமாகவே வைத்துவிடாதீர்கள். ஜெனரேட்டர் புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. நிறம் கிடையாது, மணம் கிடையாது. தூங்குகிறவர் எழுந்திருக்காமலே போய்விடுவார். எந்தக் கூடாரத்திலிருந்தும் குறைந்தது 20 அடி, அதாவது 6 மீட்டர் தள்ளி, காற்று கூடாரங்களின் பக்கம் வீசாத இடத்தில்தான் வைக்க வேண்டும். கூடாரத்துக்கும் கூடாரத்துக்கும் நடுவே நாலைந்து மீட்டர் இடைவெளி விட்டு வரிசையாக அடித்திருக்கும் இடத்தில் அப்படி ஓர் இடத்தைக் காட்டுங்கள் பார்ப்போம். பக்கத்தில் வைத்தால் நமக்கு விஷம், தள்ளி வைத்தால் அடுத்தவனுக்கு விஷமும் சத்தமும். நெருக்கமான முகாமில் ஜெனரேட்டருக்குச் சரியான இடம் என்று ஒன்று கிடையவே கிடையாது. நான் சொல்ல வந்தது இது ஒன்றுதான்.

"சரி, பெரியவருக்கு என்ன செய்யறது?" நியாயமான கேள்வி இது ஒன்றுதான், பதிலும் இருக்கிறது. ஹியூமிடிஃபையரை அணைத்துவிட்டால் சிபேப் மெஷின் பெரும்பாலும் 30 முதல் 60 வாட்டுக்குள் எடுக்கும். எட்டு மணி நேரத்துக்கு 240 முதல் 480 வாட்-மணி. பதினாலு செல்போனுக்கு ஆளுக்கு 15 என்றால் 210. ஐந்து வாட் எல்ஈடி ஆறு, ஐந்து மணி நேரம் எரிந்தால் 150. மொத்தம் 840-க்குள் முடிந்தது. 1000 வாட்-மணி கொள்ளும் லித்தியம் பவர் ஸ்டேஷன் ஒன்று இருந்தால் தாராளம். மூச்சு விடாது, புகை விடாது. ஏழு குடும்பம் சேர்ந்தால் வாங்குவதும் பெரிய விஷயமில்லை. டாக்டரிடமும் மெஷின் விற்றவரிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு, வீட்டிலேயே ஒரு ராத்திரி ஓட்டிப் பார்த்துவிட்டுக் கொண்டு போங்கள்.

கணக்கில் எது இல்லை என்று கவனித்தீர்களா? கெட்டில், குக்கர், ப்ரொஜெக்டர். ஜெனரேட்டர் கேட்டதெல்லாம் இந்த மூன்றும்தான். பெரியவர் கேட்கவில்லை. அவர் பெயரை நாங்கள் போர்வையாகப் போர்த்திக்கொண்டோம். சோறு வடிக்க கேஸ் அடுப்பு போதும். படம் வீட்டிலேயே பார்க்கலாம்.

வேறு வழியே இல்லை, ஜெனரேட்டர் வேண்டும் என்கிறவர்களுக்கு:

1. புக் பண்ணும் முன்பே இடத்துக்காரரிடம் கேளுங்கள். கொண்டுபோய் இறக்கிவிட்டு அல்ல.
2. ஸ்டார்ட் செய்யும் முன் அக்கம்பக்கக் கூடாரங்களில் போய்ச் சொல்லுங்கள், எத்தனை மணிக்கு நிறுத்துவீர்கள் என்பதோடு. வேலிக்கு அந்தப் பக்கம் வீடு இருந்தால் அங்கேயும்.
3. நேரம் வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் யோசெமிட்டி தேசியப் பூங்காவின் முகாம்களில் காலை 7 முதல் 9, மதியம் 12 முதல் 2, மாலை 5 முதல் 7 மட்டும்தான் ஜெனரேட்டர். நம் சொந்தக்காரர்கள் அங்கே போனால் வாயை மூடிக்கொண்டு அதற்குக் கட்டுப்படுகிறார்கள். ஃபைன் போடுகிறவன் இருந்தால்தான் நமக்கு நாகரிகம் வருமா?
4. இரண்டு மணி நேரத்தில் பேட்டரிகளை ஏற்றிக்கொண்டு நிறுத்திவிடுங்கள். ராத்திரிக்குப் பேட்டரி போதும்.
5. சூடாக இருக்கும்போது பெட்ரோல் ஊற்றாதீர்கள்.

மறுநாள் காலையில் நீலக் கூடாரத்துக்காரரைத் தேடிப் போனேன். ஸ்டவ்வில் டீ கொதித்துக்கொண்டிருந்தது. மன்னிப்புக் கேட்டேன், எனக்குத் தெரிந்த அரைகுறை மராத்தியில். சிரித்தார். ஒரு கப் எனக்கும் ஊற்றிக் கொடுத்தார். "நீங்க மெட்ராஸ் பக்கமா? பாட்டெல்லாம் கேட்டுது" என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை. பதினெட்டு வருஷமாக இந்த ஊர்ச் சோறு சாப்பிடுகிறேன். வாடகைக்கு வீடு கேட்டுப் போனால், "தமிழ்க்காரங்களா, அமைதியான குடும்பமா இருப்பீங்க" என்று சொல்லிச் சாவி கொடுத்தவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பெயரை எனக்கு முன்னால் வந்தவர்கள் சம்பாதித்து வைத்தார்கள். ஒரு ராத்திரிப் படத்துக்காக அதில் ஒரு பிடியை அள்ளிச் செலவழித்துவிட்டு வந்தோம்.

அடுத்த முறை போகும்போது பெரியவரும் வருகிறார். பேட்டரி வாங்கியாயிற்று. ப்ரொஜெக்டரைக் கொண்டுவருவேன் என்று சேலத்து நண்பர் இன்னும் அடம் பிடிக்கிறார். கொண்டுவரட்டும். ஜெனரேட்டர் மட்டும் அவர் தலைமாட்டில்தான்!